பானை வைக்காத வாசல்

செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டுவதுதான் வீரசிங்கத்தின் தொழில். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கண்டி நகரத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் கண்ணை மூடினால், மாலை போட வீட்டில் ஒரு படம் இருக்காது. இருப்பதெல்லாம் அடையாள அட்டைப் படம் ஒன்று. அதிலும் மனிதர் எதையோ களவெடுத்துப் பிடிபட்டவர் போல முழித்துக்கொண்டிருப்பார். அந்த அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, "அண்ணே, கொஞ்சம் நல்லாப் போட்டுக் குடுங்க" என்பார்கள். வீரசிங்கம் தலையை மட்டும் எடுத்து, கோட்டும் டையும் மாட்டி, விழுந்த பல்லைக் கட்டி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுப்பார். பெண்கள் என்றால் பட்டுச் சேலை.

இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. கோட்டு என்பதைத் தோட்டத்துத் துரையின் உடம்பில் மட்டுமே பார்த்த மனிதர்கள், தங்கள் கருமாதியன்று மாலைக்குள்ளே கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். வீரசிங்கமும் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர்தான். அவர் முதன்முதலில் கோட்டு மாட்டிய ஆள் அவருடைய அப்பா. படத்தைப் பார்த்த அம்மா, "இது யாருடா, புதுக் கிளாக்கரா?" என்று கேட்டாள். அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். அப்போது வயது இருபத்து நாலு, எல்லாவற்றையும் பாராட்டாக எடுத்துக்கொள்கிற வயது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேலையை அவர் அலட்சியமாகச் செய்ததில்லை. கை கழுவாமல் செத்தவர் படத்தைத் தொடமாட்டார். கண்ணை எப்போதும் கடைசியில்தான் திருத்துவார். அதற்கு முன்னால், வந்தவர்களிடம் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்வார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவராகவே பிடித்துக்கொண்ட பழக்கம். இன்னொருவருடைய முகத்தில் கை வைக்கிறோம், அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வைப்போம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழ்மாடியில் போன் திருத்துகிற பவாஸ் வந்து, அவருடைய கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். செயற்கை நுண்ணறிவாம். அரை நாள் வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது. மங்கிய படம் பளிச்சென்று வந்தது. பிறகு படம் கண் சிமிட்டியது, சிரித்தது. செத்தவருடைய பழைய குரல் பதிவு கொஞ்சம் இருந்தால் போதும், அதே குரலில் பேசவும் செய்தது. முதல் தடவை ஒரு கருமாதி வீட்டில், செத்துப் பதினாறு நாளான தாத்தா திரையில் வந்து, "எல்லாரும் ஒத்துமையா இருங்க" என்று சொன்னபோது, பெண்கள் கதறிவிட்டார்கள். ஆண்கள் வீரசிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தத் தாத்தா உயிரோடிருந்த காலத்தில் ஒத்துமை என்ற வார்த்தையைச் சொன்னவரே இல்லை என்பது வேறு விஷயம்.

பவாஸுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. போட்டுக் கொடுத்தவனே அவன்தான், இருந்தாலும் ஒருநாள் படியேறி வந்து சொன்னான்.

"அண்ணே, படம் வேற, இது வேற. மௌத்தான மனுசர்ட வாயில எங்கட பேச்ச வைக்க ஏலாது. அது அமானிதம், எங்கள நம்பி விட்ட பொருள். அவங்கள்ட கேட்டா செய்றீங்க?"

"செத்தவங்ககிட்ட எப்படிடா கேக்குறது?" என்று வீரசிங்கம் சிரித்தார்.

பவாஸ் சிரிக்கவில்லை. "கேக்க ஏலாதுன்னா விட்டுடணும், அண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். குரல் செய்கிறபோது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் தன்னிடம் நின்றுபோயிருந்ததை வீரசிங்கம் அப்போது கவனிக்கவில்லை. மெஷின் அவ்வளவு வேகம். கூப்பிட நேரம் இல்லை.

போன ஐப்பசியில் சுமன் வந்தான். வீரசிங்கம் பிறந்த அதே தோட்டத்துப் பிள்ளை, இப்போது நகரத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. அவனுடைய அம்மா பாலம்மா, தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டாள். பேராதனை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு போய்விட்டது. சுமனின் அக்கா கலாராணி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். சித்திரையில்தான் அவளுடைய இரண்டு வருஷம் முடியும்.

"அண்ணே, சொன்னா அவ வரவும் முடியாது, அங்க இருக்கவும் முடியாது. மேடம் பாஸ்போட்ட குடுக்க மாட்டா. ஒத்தையில கெடந்து என்னமாச்சும் செஞ்சுக்குவா. அம்மா எந்திரிக்கிற வரைக்கும் ரெண்டு வார்த்த அம்மா மாதிரி பேசி அனுப்புங்க. புண்ணியமாப் போகும்."

பாலம்மாவின் போனை மேசையில் வைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாலம்மா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளுக்குக் குரல் பதிவு அனுப்புவாளாம். மேடம் போனில் பேச விடமாட்டாள் என்பதால் கலாராணி அதைக் குசினியில் அடுப்புப் பக்கம் ஒளித்து வைத்துக் கேட்பாள். இப்போது இரண்டு ஞாயிறு சத்தமில்லை. அங்கிருந்து ஒன்பது பதிவு வந்து கிடக்கிறது.

வீரசிங்கம் பழைய பதிவுகளைக் கேட்டார். எல்லாம் ஒரே மாதிரி. "புள்ள சாப்பிட்டுச்சு. பள்ளிக்கூடம் போச்சு. இங்க மழ. வைக்கிறேன்." பிள்ளை என்பது கலாராணியின் மகள் நிஷாந்தினி, வயது ஒன்பது. புருஷன் கொழும்பில் வேறு குடும்பத்தோடு இருப்பதால், கலாராணி பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். போக வேண்டாம் என்று பாலம்மா தடுத்திருக்கிறாள். கேட்காமல் கிளம்பிய அன்றைக்கு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, ரோட்டுக்குக்கூட வரவில்லையாம். இதெல்லாம் சுமன் சொன்னது. அதனால்தான் கலாராணியின் ஒவ்வொரு பதிவும் ஒரே கேள்வியில் முடிந்தது. "அம்மா, இன்னும் கோவமா?" ஒன்றரை வருஷமாகக் கேட்டிருக்கிறாள். பாலம்மா ஒருதரமும் அதற்குப் பதில் சொல்லவில்லை. பதிவின் கடைசியில், வைக்கிறேன் என்று சொன்ன பிறகும், பத்துப் பதினைந்து விநாடி சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அடுப்புச் சத்தம், ஒரு மூச்சு, அவ்வளவுதான். பொத்தானை அமத்தத் தெரியாத கிழவி என்று நினைத்த வீரசிங்கம், மெஷினுக்குக் குரலைப் படிப்பிக்கும் முன்னால் அந்த வெற்று இடங்களை எல்லாம் வெட்டி எறிந்தார்.

பிறகு மெஷினிடம் நிலைமையைச் சொன்னார். இப்படி ஒரு தாய், இப்படி ஒரு மகள், பதில் ஒன்று எழுது என்றார். எழுதியது. அவர் அதைத் தோட்டத்துப் பேச்சுக்கு மாற்றினார், மெஷின் அதைப் பாலம்மாவாகப் பேசியது.

"ஒம்மேல எனக்கு என்ன கோவம், தங்கம். எப்பவோ மன்னிச்சிட்டேன். நீ பத்திரமா வந்து சேரு, அது போதும்."

கேட்டவுடன் சுமன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். வீரசிங்கம் அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். பாலம்மா அப்போது உயிரோடு இருந்தாள். நினைவு இருந்தது, வலது கையை அசைப்பாள், ஆமாம் இல்லை என்பதற்குத் தலையை ஆட்டுவாள் என்று சுமனே சொல்லியிருந்தான். பேராதனைக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். போய்க் கட்டிலருகே நின்று, மகளுக்கு இப்படிச் சொல்லட்டுமா ஆத்தா என்று கேட்டிருக்கலாம். மழை பெய்துகொண்டிருந்தது. வீரசிங்கம் பொத்தானை அமத்தினார். பதினொரு நாள் கழித்துப் பாலம்மா செத்துப்போனாள்.

அவளுக்கும் படம் அவர்தான் செய்தார். கை கழுவி, பெயர் சொல்லி, பச்சைப் பட்டு உடுத்தி, கடைசியில் கண்ணைத் திருத்தினார். அதே திரையில், இன்னொரு பக்கத்தில், அந்த ஞாயிறு பாலம்மா மகளிடம் இருமல் குறைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்திரை வரைக்கும் இப்படியே ஓட்டுவது என்று வீட்டாரும் லயத்தாரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். லயமே வாயைக் கட்டிக்கொண்டது. பிள்ளையின் வாய் நிற்காது என்று நிஷாந்தினியின் கையில் போனையே கொடுக்கவில்லை. பிள்ளையின் குரலையும் செய்து தரச் சொல்லிச் சுமன் கேட்டபோது, உயிரோடு இருக்கிற பிள்ளையின் குரலைச் செய்ய மாட்டேன் என்று வீரசிங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏதோ ஒரு எல்லையில் நிற்கிறோம் என்று அவருக்கு அதில் ஒரு திருப்தி. "புள்ள தூங்குது", "புள்ளைக்குப் பரீட்சை" என்று பாலம்மாவின் குரலே சமாளித்தது. பாலம்மாவின் போன் அவருடைய அலுமாரியில் தங்கிவிட்டது. காசு ஒன்றும் வாங்கவில்லை. அதனால் அது தர்மம் என்றே நினைத்தார். மனிதன் காசு வாங்காமல் செய்கிற தப்பைக் கண்டுபிடிக்கத்தான் கஷ்டம்.

வாரம் போகப் போக அவர் படித்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். மெஷின் எழுதும், மெஷின் பேசும், அவர் அனுப்புவார்.

தைப்பொங்கல் வந்தது. அன்று காலை அம்பிட்டியவில் இருக்கிற வீரசிங்கத்தின் வீட்டு வாசலில் பானை ஏறியிருந்தது. பால் பொங்கக் காத்திருந்த நேரத்தில் பாலம்மாவின் போனை எடுத்து, முதல் நாளே செய்து வைத்திருந்த பதிவை அனுப்பினார். பால் பொங்கியது. மனைவியோடு சேர்ந்து பொங்கலோ பொங்கல் என்று அவரும் கத்தினார்.

"நம்ம வாசல்ல பானை வச்சோம், மகளே. பால் கெழக்காலப் பொங்கி வழிஞ்சிச்சு. ஒம் பேரச் சொல்லி ஒரு புடி அரிசி கூடப் போட்டேன்." இதுதான் அவர் அனுப்பியது.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பொங்கல் கிடையாது. கோலம்கூடப் போடமாட்டார்கள். பக்கத்து வீட்டார் தட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். இது வீரசிங்கத்துக்குத் தெரியாத விஷயமா? அப்பா செத்த வருஷம் தன் வீட்டில் பொங்கல் அடுப்பு எரியாமல் கிடந்ததைப் பார்த்ததும், பக்கத்து வீட்டுத் தட்டுக்குக் கை நீட்டியதும் அவர்தானே? மெஷினுக்குத் தெரியாது. அதற்குத் தாயுமில்லை, தீட்டுமில்லை. தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் படித்துப் பார்க்கவில்லை.

வாழையிலையில் பொங்கலைப் போட்டு இரண்டு வாய் வைத்திருப்பார். பாலம்மாவின் போன் அடித்தது. குவைத்திலிருந்து. இதுவரை அடித்ததே இல்லை. அவர் கையை உதறிக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. பிறகு ஒரு பதிவு வந்தது.

"அம்மா, சஞ்சீவனி அக்கா வீடியோ போட்டிருக்கா. லயத்துல எல்லா வாசல்லயும் பானை இருக்கு. நம்ம வாசல்ல இல்ல. கோலமும் இல்ல. நீங்க பொங்குனோம்னு சொல்றீங்க."

பக்கத்து வீட்டுச் சஞ்சீவனி பாவம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசையாக வாசல்களைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள், வருஷா வருஷம் போடுவது போல. லயத்து வாய்களைக் கட்டியவர்கள் வெறும் வாசலை மறந்துவிட்டார்கள்.

இரண்டாம் பதிவு வந்தது. "அம்மா, மறைக்காதீங்க. நம்ம வீட்ல யாரு செத்தது?"

மூன்றாவதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "நிஷாந்தினியா?"

வீரசிங்கம் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். கலாராணி பத்து வாரமாகத் தன் பிள்ளையின் குரலைக் கேட்காதவள். அம்மா காலையில்கூடப் பேசினாள், சுமன் முந்தின நாள் செய்தி போட்டிருந்தான், ஆகவே செத்தது அவர்கள் இல்லை. அப்படியானால் யார்? கலாராணியின் கணக்கில் பிள்ளையைத் தவிர ஆளில்லை. சுமனுக்கு அடித்தார். லீவுக்கு மலைத் தோட்டத்துக்குப் போயிருந்தான், போன் சிக்னல் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார், இல்லை. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் தன் போனில் மெஷினைத்தான் திறந்தார். மகள் பயந்திருக்கிறாள், தாயாகப் பதில் சொல் என்று எழுதினார். கண்மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டது. "அசடு, யாருக்கும் ஒண்ணும் இல்ல. மழ தூறுச்சுன்னு இந்த வருஷம் குசினிக்குள்ளயே பொங்கிட்டோம். புள்ள வெளையாடப் போயிருக்கு."

அவராலேயே யோசிக்க முடியாத நல்ல பொய். ஒரு விரல் வைத்தால் போதும், அங்கே கலாராணிக்கு உயிர் திரும்பி வந்துவிடும். அதை அவர் இரண்டு தரம் படித்தார். தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது மெஷின் இல்லை, இத்தனை வாரமும் தானே இப்படித்தான் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது. அதை மூடினார். வாசலுக்கு வந்து, ஆறிப்போன பானைக்குப் பக்கத்தில் நின்று, தன் சொந்த வாயால் பேச, பாலம்மாவின் போனிலிருந்தே கலாராணிக்கு அடித்தார்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "அம்மா!"

"நான் வீரசிங்கம் பேசுறேம்மா. கண்டி ஸ்டூடியோ. ஒம் புள்ள நல்லா இருக்கா. சத்தியமா நல்லா இருக்கா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, "அப்ப யாருண்ணே?"

"ஒங்கம்மா."

"அம்மா இப்பத்தானே பேசுனாங்க?" என்றாள் கலாராணி.

அதற்குப் பிறகு தான் என்னென்ன சொன்னோம் என்று வீரசிங்கத்துக்கு ஒழுங்காக நினைவில்லை. கார்த்திகையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார். குரலைச் செய்தது தானே என்று சொன்னார். நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து அதை மட்டும் விழுங்கிக்கொண்டார். அவள் கத்தவில்லை. மேடம் கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கும், அதற்குப் பிறகு மூன்று மாதமும், அவள் அந்த வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். பாஸ்போர்ட் கிடைக்கவில்லை.

சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு வாரத்தில், ஒரு பகல் பொழுதில், கலாராணி ஸ்டூடியோப் படியேறி வந்தாள். வீரசிங்கம் எழுந்து நின்றார். அவள் கதிரையில் உட்கார்ந்து, தன் போனை மேசையில் வைத்தாள்.

"எது எங்கம்மா பேசுனது, எது நீங்க பேசுனதுன்னு எனக்குத் தெரியணும். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அவர் தேதி பார்த்துச் சொன்னார். தீபாவளி வரைக்கும் வந்ததெல்லாம் அம்மா. அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். புள்ள சாப்பிட்டுச்சு. பள்ளிக்கூடம் போச்சு. இங்க மழ. வைக்கிறேன். வைத்த பிறகு அந்த அடுப்புச் சத்தம், அந்த மூச்சு. வீரசிங்கம் வெட்டி எறிந்தது எல்லாம் அவளுடைய போனில் அப்படியே இருந்தது. அவள் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, அதைத்தான் உற்றுக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பாலம்மா எதையோ சொல்ல வந்து, மூச்சை இழுத்து, சொல்லாமலே வைத்திருக்கிறாள். பொத்தான் தெரியாத கிழவி என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியாக அவள் அந்தப் பதிவைப் போட்டாள். ஒம்மேல எனக்கு என்ன கோவம், தங்கம். எப்பவோ மன்னிச்சிட்டேன்.

"இது?"

தேதியைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். விழுந்த அன்று காலையில் பேசி, அனுப்பாமல் போனில் கிடந்தது என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்வதைப் போல ஒரு கஷ்டம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"அது அம்மா இல்லம்மா."

"நீங்களா?"

"நானும் இல்ல. மெஷின் எழுதுச்சு. நான் அனுப்புனேன்."

கலாராணி போனைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப எங்கம்மா உசிரோடதானே இருந்தாங்க? தலையாட்டுவாங்கன்னு சுமன் சொன்னான். நீங்க போய்க் கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா ஆமான்னு தலையாட்டிருப்பாங்களோ என்னவோ." அவள் குரல் உடைந்தது. "நான் அங்க தெனமும் இத ஒருதரம் கேட்டுட்டுத்தான் படுப்பேன். அம்மா மன்னிச்சிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு எத்தன நாள் நிம்மதியாத் தூங்கிருக்கேன், தெரியுமா? யாருமே சொல்லாத ஒண்ணக் கேட்டுட்டுத் தூங்கிருக்கேன்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அலுமாரியிலிருந்து பாலம்மாவின் போனை எடுத்து வீரசிங்கம் அவள் முன்னால் வைத்தார். வைத்த கையைக் கூப்பிக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி. என்னய மன்னிச்சிரும்மா."

கலாராணி இரண்டு போனையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் சொன்னாள்.

"அந்த மெஷினுக்கிட்டக் கேளுங்கண்ணே. எங் குரல் இருக்கு ஒங்ககிட்ட. அது நல்லாச் சொல்லும்."

மடுல்கெல்ல பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனாள். வீரசிங்கம் கூப்பிய கையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கீழே பவாஸின் கடையில் யாரோ போன் திருத்த வந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.